புகைக்குழாயில் ஒரு துலாக்கோல்

கடந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாணியம்பாடியில் நண்பர்கள் கூட்டியிருந்த ஓர் இலக்கியச் சந்திப்பிற்காகத் திருப்பத்தூரிலிருந்து காரில் புறப்பட்டோம். உடன் வந்தவர் நம் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர். ஊர் எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றிருப்போம். ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டியோ வழக்கம்போலவே ஓடியது. சத்தமில்லை, நடுக்கமில்லை, கரும்புகையும் இல்லை. விளக்கு மட்டும் அணைய மறுத்தது.

வாணியம்பாடியில் நமக்குப் பழக்கமான பட்டறை ஒன்றுண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் பட்டறையாதலால் ஞாயிறன்று திறந்திருந்தது. உரிமையாளர் அறுபதைக் கடந்த பெரியவர். ஊரார் அனைவர்க்கும் போலவே நமக்கும் அவர் 'பாய்'. அவரிடம் வேலை கற்கும் இளைஞர் ஸ்கேனரை இணைத்துப் பார்த்துவிட்டு, புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி சரிவர வேலை செய்யவில்லை என்று கணினி கூறுவதாகச் சொன்னார். கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்று பட்டறைகளில் வழங்கும் அந்தப் பொருளின் விலையையும் சொன்னார். கேட்ட மாத்திரத்தில் நம் முகம் வாடியிருக்க வேண்டும். உடனே ஆறுதலாக ஒரு வழியும் காட்டினார்.

"பின்னாடி இருக்கிற ஆக்சிஜன் சென்சாரை ஒரு சின்ன பைப் வெச்சுக் கொஞ்சம் வெளியே இழுத்து மாட்டிட்டா லைட் வராது சார். சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும்."

நம் மனம் அந்தச் சிறு குழாயின் பக்கம் உடனே சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வண்டியோ நன்றாக ஓடுகிறது. விளக்கு ஒன்றுதானே தொல்லை? தலையசைக்கப் போன வேளையில் பாய் குறுக்கிட்டார்.

"வெளக்கு அணைஞ்சிடும் சார். பொகை?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு, வண்டியை விட்டுச் செல்லுமாறும் மாலையில் பார்த்துச் சொல்வதாகவும் கூறினார். அன்றைய கூட்டத்தில் நம் மனம் ஒன்றவில்லை. நண்பரிடம் அன்று கேட்டறிந்தவற்றையும், அதன்பின் நூல்களில் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். ஒரு விரல் நீளமுள்ள இக்கருவியின் வரலாறு, நம் பாலாற்றின் வரலாற்றோடு வந்து கலக்கும் என்று தொடங்கும்போது நாம் எண்ணவில்லை.

மூச்சை அளக்க நேர்ந்த கதை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1940களில் ஒரு மங்கலான, கண்ணெரிக்கும் மூட்டம் சூழ்ந்தது. ஆலைப் புகையென்றே பலரும் எண்ணினர். அன்னாசிப் பழத்தின் மணத்திற்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்து கொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலார் அந்தக் காற்றையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுவதே மூட்டத்தின் வேர் என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். கார் உற்பத்தியாளர்கள் எளிதில் ஒப்பவில்லை. எனினும் 1968இல் கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவராக அவரே அமர்ந்தார். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை வலுப்படுத்தியது. 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து வினையூக்கி மாற்றிகள் பரவலாயின.

இம்மாற்றி என்பது தேன்கூடு போன்ற துளைகள் கொண்ட ஒரு பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லப் பூசப்பட்டிருக்கும். மும்முனை மாற்றி எனப்படும் வகை மூன்று நஞ்சுகளை ஒருங்கே முறிக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கும் எரியாத பெட்ரோலுக்கும் உயிர்வளியைக் கொடுக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து உயிர்வளியைப் பறிக்கிறது. கொடுப்பதும் பறிப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டுமாயின், உள்ளே வரும் புகையில் உயிர்வளி மிகவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்பதே அந்த நடுநிலை. அதனை 1 என்று கொண்டு லாம்டா என்னும் கிரேக்க எழுத்தால் குறிப்பர். இந்நடுநிலையிலிருந்து சிறிது விலகினாலும் மூன்றில் ஒன்று தப்பி வெளியேறிவிடும்.

நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியிருப்பதைத் தமிழ் மாணவர் எவரும் அறிவர். துலாக்கோல் நேர்நிற்க வேண்டுமாயின் முதலில் அது சாய்வதை அறிய வேண்டும். ஓடும் வண்டியின் கொதிக்கும் புகையில் அந்தச் சாய்வை அறிவது எங்ஙனம்? இதற்கான விடை ஒரு பழைய மின்விளக்கில் உறங்கிக் கிடந்தது.

சூடேறினால் பேசும் பீங்கான்

செருமானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1890களின் இறுதியில் புதியதொரு விளக்கை உருவாக்கினார். அதில் ஒளிர்ந்தது உலோக இழையன்று. சிர்கோனியாவுடன் இட்ரியா கலந்த பீங்கான் குச்சி. குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் தீக்குச்சியால் சூடேற்ற வேண்டும். சூடேறியதும் மின்னோட்டம் பாயும், குச்சி வெண்மையாக ஒளிரும். அதனுள்ளே பாய்வது எலக்ட்ரான்கள் அல்ல, உயிர்வளி அயனிகளே என்பதுதான் விந்தை. டங்ஸ்டன் இழை விளக்குகள் வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்கு மறைந்தது. ஆனால் பீங்கானின் அந்தக் குணம் மறக்கப்படவில்லை. மின்வேதியியலில் அவர் பெயரால் வழங்கும் சமன்பாடும் நிலைத்தது. வெப்பவேதியியல் பணிக்காக 1920ஆம் ஆண்டின் நோபல் பரிசும் அவரைச் சேர்ந்தது.

செருமனியின் பாஷ் நிறுவனத்தார் இக்குணத்தைக் காருக்குக் கொண்டுவந்தனர். தையற்காரர் விரலில் அணியும் கூடு போன்ற வடிவில் சிர்கோனியாவை வார்த்து, உள்ளும் புறமும் பிளாட்டினம் பூசினர். வெளிப்பக்கத்தைப் புகை தழுவும். உட்பக்கத்தில் வெளிக்காற்று நிற்கும். இருபுறமும் உயிர்வளியின் அளவு வேறுபட்டால் அயனிகள் மிகுதியான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்திற்கு நகர முயலும். அம்முயற்சியே மின்னழுத்தமாக வெளிப்படும். பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். இடைப்பட்ட நடுநிலையில் அழுத்தம் சட்டெனத் தாவும். அத்தாவலைக் கண்டதும் கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். நொடிக்கு ஓரிரு முறை முள் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டேயிருக்கும்.

இவ்வுணரியையும் மும்முனை மாற்றியையும் ஒருங்கே கொண்டு முதலில் விற்பனைக்கு வந்தது வோல்வோ நிறுவனத்தின் கார். 1976இல் கலிபோர்னியச் சந்தைக்காக வெளியிடப்பட்டது. தொடக்க கால உணரிகள் புகையின் வெப்பத்தையே நம்பியிருந்தன. ஏறத்தாழ 300 பாகை செல்சியசைத் தாண்டும்வரை அவை ஊமை. 1982 முதல் உள்ளேயே ஒரு சிறு சூடேற்றி வைக்கப்பட்டது. நெர்ன்ஸ்டின் தீக்குச்சி செய்த வேலையை அது செய்தது.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. புகையை அளக்கும் கருவிகள் முன்பும் இருந்தன. அவை அளந்தன, எழுதி வைத்தன, அவ்வளவே. இவ்வுணரியோ கடைவாயில் அளந்ததைத் தலைவாயிலுக்குத் திருப்பி அனுப்பியது. வெளியேறுவது எதுவோ அதுவே உள்ளே செல்வதைத் திருத்தியது. மூடிய சுற்று என்று பொறியியலார் இதனைக் குறிப்பர்.

இரண்டாவது காவலன்

மாற்றியும் மூப்படையும். அது செத்தபின் முன்னிருக்கும் உணரிக்கு அதனை அறிய வழியில்லை. எனவே மாற்றிக்குப் பின்னால் இரண்டாவதாக ஓர் உணரியை அமைத்தனர். மாற்றி நலமாக இருந்தால் அது உயிர்வளியைத் தன்னுள் தேக்கிக் கொடுப்பதால் பின்னுணரியின் முள் பெரிதும் அசையாது. முன்னுணரியைப் போலவே பின்னுணரியும் ஆடத் தொடங்கினால் மாற்றி தளர்ந்துவிட்டது என்று பொருள். மஞ்சள் விளக்கு எரியும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் இத்தகைய தற்சோதனை கட்டாயமாயிற்று. அந்த 1996 என்னும் ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வாணியம்பாடிப் பட்டறையில் இளைஞர் சொன்ன சிறு குழாய் இந்தப் பின்னுணரியின் கண்ணை மறைப்பதற்கானது. புகையோட்டத்திலிருந்து சற்று விலக்கி வைத்தால் அதன் ஆட்டம் அடங்கிவிடும். மாற்றி செத்திருந்தாலும் எல்லாம் நலமென்று அது சாட்சி சொல்லும்.

இந்தியச் சாலைகளில்

உணரிக்கும் மாற்றிக்கும் பெரும்பகை ஈயம். எஞ்சினில் எழும் தட்டல் ஓசையை அடக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கம் 1920களில் தொடங்கி உலகெங்கும் பரவியிருந்தது. அந்த ஈயம் பிளாட்டினத்தின்மேல் படிந்து அதனைச் செயலறச் செய்யும். ஆகவே தூய புகை வேண்டுமாயின் ஈயமற்ற பெட்ரோல் முதலில் வேண்டும்.

நம் நாட்டில் அதற்கு வழிதிறந்தது நீதிமன்றம். தில்லியின் வாகனப் புகையை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் ஆணைகளையொட்டி, 1995 ஏப்ரல் 1 முதல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் அங்கே கிடைத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீங்கியது. கார்புரேட்டர் ஒழிந்து, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் உட்செலுத்தல் பரவியபோதுதான் ஆக்சிஜன் உணரி நம் கார்களில் நிலையாக இடம்பெற்றது. பாரத் நிலை நான்கு விதிகள் 2010இல் சென்னை உள்ளிட்ட சில நகரங்களிலும் 2017இல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரலில் ஆறாம் நிலை. இன்று பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் இவ்வுணரி உண்டு. ஆலங்காயம் சந்தைக்குக் கீரைக்கட்டு ஏற்றி வரும் ஸ்கூட்டரின் சைலன்சர் குழாயிலும் நெர்ன்ஸ்டின் பீங்கான் ஒரு துண்டு இருக்கக்கூடும்.

பாலாற்றின் கடைவாய்

இனி நம் ஊருக்கு வருவோம். நந்தி மலையில் பிறந்து கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழகத்தில் நுழைகிறது பாலாறு. அதன் வடிநிலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக அமைந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்றிருந்தது. பதனிடாத தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு 1970களில் அரசு தடைகள் விதித்தபின், முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் முனைப்புப் பெருகியது. குரோமியப் பதனமும் பெருகியது. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழில் இது. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் தாய்மார் காலணித் தொழிற்சாலையில் ஈட்டிய ஊதியத்தால் கல்லூரிக்கு வருபவர்கள். அதனையும் மறந்து பேசலாகாது.

ஆனால் கழிவுநீர் ஆற்றிலும் ஏரியிலும் வயலிலும் பாய்ந்தது. தோல் அழுகாதிருக்கத் தடவிய உப்பும், பதனிட்ட வேதிப்பொருள்களும் நிலத்தடியில் இறங்கின. கிணற்று நீர் உவர்த்தது. தென்னை காய்ப்பு நின்றது. இந்நீரின் கேட்டை அளக்கும் முதன்மையான அளவுகளில் ஒன்றும் உயிர்வளியைக் கொண்டே அமைந்திருப்பது கருதத்தக்கது. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு உயிர்வளியை உண்கின்றன என்பதே அவ்வளவு. 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்துப் பார்த்து, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உண்ணக்கூடிய நீரை ஆற்றில் விடலாகாது என்கிறது விதி. ஆக, காரின் புகைக்குழாயிலும் ஆலையின் கழிவுநீர்க் குழாயிலும் நாம் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்வியை: உயிர்வளி இங்கே என்னவாயிற்று?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் தொழிற்பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதையும் தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. தன் செயலால் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் தொழில் செய்பவர்மீதே சுமத்தியது. இன்று நாட்டின் சட்டக் கல்லூரிகளில் பாடமாக உள்ள தீர்ப்பு இது. அவ்வழக்கில் துணைநின்று வாதாடியவரும் எம்.சி. மேத்தாவே என்பதை அறிந்தபோது வியந்தோம். நம் காரில் மாற்றி வந்ததற்கும் நம் ஆற்றுக்குச் சட்டம் வந்ததற்கும் பின்னே ஒரே வழக்கறிஞர் நிற்கிறார்.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் கேட்டை மதிப்பிட்டு இழப்பீடு வகுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின; கழிவுநீரே வெளியேறாத முறையும் பின்னர் வந்தது. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட பெருமாசுத் தொழில்களின் கழிவுவாயில் இடைவிடாமல் அளந்து அனுப்பும் கருவிகளைப் பொருத்தப் பணித்தது. ஆக, ஆற்றுக்கும் ஓர் உணரி வந்தது. எனினும் 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டோர்க்கு எஞ்சிய இழப்பீட்டை வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து மேற்பார்வை செய்யவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பிற்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்.

ஏன் இத்துணைக் காலம்? அளவுகோல் இல்லாமையால் அன்று. அளந்தது திரும்பிச் சென்று திருத்தாமையால் என்பதே நம் கருத்து. 1996இல் அமெரிக்கக் காரின் கடைவாயில் ஒரு காவலன் நின்றான். அதே ஆண்டில் நம் ஆற்றின் கடைவாயில் ஒரு சட்டம் நின்றது. காரில் சுற்று மூடப்பட்டது. ஆற்றில் அது மூடப்படவேயில்லை.

செவ்வாய்க்கிழமை, பட்டறையில்

ஞாயிறு மாலை பாய் வண்டியைத் தூக்கி நிறுத்திக் காட்டினார். முன்னுணரிக்குச் சற்று மேலே, குழாய் இணையும் இடத்துக் கேஸ்கெட் கிழிந்து கரி படிந்திருந்தது. அவ்வழியாக வெளிக்காற்று உள்ளே கசிகிறது. காற்று மிகுதியென்று உணரி தவறாக எண்ணுகிறது. கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. உணரியும் பழையதாகி மந்தப்பட்டிருந்தது. மாற்றியைக் குறைகூறுமுன் இவ்விரண்டையும் சரிசெய்ய வேண்டும் என்றார். கசிவிருக்கும் குழாயில் எந்த உணரியும் மெய் பேசாது. அளக்கும் இடத்திற்கு முன் நல்ல நீரைக் கலந்துவிட்டால் கழிவுநீர்க் கணக்கும் அப்படித்தான் பொய்க்கும் என்று நண்பர் முணுமுணுத்தார்.

உதிரிப்பாகம் வேலூரிலிருந்து வந்ததும் செவ்வாயன்று வேலை நடந்தது, அருகிருந்து பார்த்தோம். பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே துருநீக்கி எண்ணெய் தெளித்துக் காத்திருந்தார். கப்ளரைப் பிரித்து, கம்பி நுழையப் பக்கவாட்டில் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் பழையதைச் சுழற்றி எடுத்தார். புதியதன் மரையில் மட்டும் வெப்பந்தாங்கும் பசையைத் தடவினார். துளைகளுள்ள முனையில் விரல்கூடப் படவிடவில்லை. எண்ணெயோ சிலிக்கோனோ பட்டால் பிளாட்டினம் கெடும் என்றார். முதலில் கையாலேயே திருகி, மரை நேராக ஏறியதை உறுதிசெய்தபின் டார்க் ஸ்பானரால் அளவாக இறுக்கினார். கம்பி சூடான குழாயைத் தொடாதவாறு கிளிப்பில் மாட்டினார். கேஸ்கெட்டை முன்னரே மாற்றியிருந்தார். ஸ்கேனரில் பழைய பிழைக்குறியை அழித்துவிட்டு வண்டியை முடுக்கினார். திரையில் ஒரு கோடு மேலும் கீழும் சீராக ஆடத் தொடங்கியது.

கூலி கொடுக்கும்போது, அந்தச் சிறு குழாயை ஏன் அன்று தடுத்தீர்கள் என்று கேட்டோம். "எங்க வாப்பா காலத்துல கெணத்துத் தண்ணிய அப்படியே குடிப்போம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பாலாற்றைப் பற்றி வருந்திப் பேசி வந்திருக்கிறோம். ஆலைகளைக் குறை சொல்லியிருக்கிறோம். நமக்கென்று ஒரு புகைக்குழாய் வந்து, அதற்கென்று ஒரு விலையும் வந்தபோது, சில நூறு ரூபாயில் காவலனின் கண்ணைக் கட்டத் தயங்காத மனம் நம்முடையதாகவே இருந்தது. பெரிய குழாய்க்காரர்களிடம் நியாயம் கேட்கும் உரிமை, சிறிய குழாயை ஒழுங்காக வைத்திருப்பவர்க்கே உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

இதை எழுதும்வரை விளக்கு மீண்டும் எரியவில்லை. மாற்றி உண்மையிலேயே தளர்ந்திருந்தால் சில மாதங்களில் அது எரியக்கூடும் என்று பாய் எச்சரித்திருக்கிறார். அப்படி எரிந்தால் மாற்றியைத்தான் வாங்கவேண்டும். அதற்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையை எடுத்து வைத்து வருகிறோம்.